பிளேட்லெட் மட்டும் பார்த்தால் போதுமா?

டெங்குக் காய்ச்சலும் ரத்தப் பரிசோதனைத் தாளும்

மழைக்காலம் வந்துவிட்டால் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே மாதிரியான செய்திகள் வரத் தொடங்கும்: "டெங்கு நோயாளி. பிளேட்லெட் 30 ஆயிரத்துக்கு இறங்கிவிட்டது. அவசரமாக ரத்தம் தேவை." நம் இளைஞர்களும் வேலையைப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அந்த நல்ல மனதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் டெங்குவில் பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தாவது பிளேட்லெட் குறைவு அல்ல. ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிவதுதான். அந்தக் கசிவையும் அதே பரிசோதனைத் தாளிலேயே காணலாம். எங்கே, எப்படிப் பார்ப்பது என்பதே இந்தப் பாடம்.

மூன்று எண்கள்

காய்ச்சலுக்கு எடுக்கும் சி.பி.சி. பரிசோதனைத் தாளில் நிறைய வரிகள் இருக்கும். டெங்குவுக்கு முக்கியமானவை மூன்று.

முதலாவது, வெள்ளை அணுக்கள். பெரியவர்களுக்கு வழக்கமாக 4,000 முதல் 11,000 வரை இருக்கும். டெங்குவில் பெரும்பாலும் முதலில் குறைவது இதுதான். நோய் தணியும்போது முதலில் ஏறுவதும் இதுவே. பிளேட்லெட் அதற்குப் பிறகுதான் ஏறும்.

இரண்டாவது, பிளேட்லெட் எனும் தட்டணுக்கள். வழக்கமான அளவு 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை.

மூன்றாவது, நம்மில் பலர் கவனிக்காத பி.சி.வி. சில தாள்களில் ஹீமட்டோகிரிட் என்று இருக்கும். ரத்தத்தில் சிவப்பணுக்கள் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பதை இது சொல்கிறது. அடுப்பில் இருக்கும் நோன்புக் கஞ்சியில் தண்ணீர் வற்றினால் அரிசி கூடிவிடுவதில்லை, கஞ்சிதான் கெட்டியாகிறது. அதுபோல ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்தால் ரத்தம் கெட்டியாகி, பி.சி.வி. ஏறும். பிளேட்லெட் வேகமாக இறங்கிக்கொண்டிருக்க, பி.சி.வி. ஏறிக்கொண்டிருந்தால் அது அபாய அறிகுறி என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2009ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது.

தாளில் சரி, உடம்பில் ஆபத்து

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ரத்தசோகை உள்ள ஒரு பெண்ணுக்குக் காய்ச்சலின் இரண்டாம் நாள் பி.சி.வி. 30. ஐந்தாம் நாள் 36. பெண்களுக்கு 36க்கு மேல் இருந்தால் சரி என்று பல தாள்களில் அச்சிட்டிருப்பார்கள். எனவே அந்த எண்ணுக்குப் பக்கத்தில் எந்தக் குறியும் இருக்காது. வீட்டில் உள்ளவர்கள், "இது சரியாகத்தான் இருக்கிறது" என்று நிம்மதி அடைவார்கள். ஆனால் 30லிருந்து 36 என்பது 20 சதவீத ஏற்றம். 20 சதவீதம் ஏறினால் நீர் கணிசமாகக் கசிகிறது என்று மருத்துவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

இன்னொருவருக்குப் பிளேட்லெட் 45 ஆயிரம். தாளில் சிவப்புக் குறி. ஆனால் பி.சி.வி. முதல் நாள் 40, இப்போது 41. சாப்பிடுகிறார், சிறுநீர் நன்றாகப் போகிறது, ரத்தக்கசிவு எதுவும் இல்லை. எண் பயமுறுத்தினாலும் இவர் நிலை அந்தப் பெண்ணைவிட மேல்.

ஆகவே ஒரு நாள் எண்ணைவிட, நாளுக்கு நாள் அது எந்தப் பக்கம் போகிறது என்பதே முக்கியம். அதற்கு முதல் தாள் கையில் இருக்க வேண்டும். பலர் மருத்துவமனை மாறும்போது பழைய தாளை வீட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். புதிய மருத்துவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லாமல் போகிறது.

பி.சி.வி. திடீரென்று இறங்குவதும் எப்போதும் நல்ல செய்தி அல்ல. நோயாளி தெம்பாகிக்கொண்டிருந்தால் அது குணமாவதன் அடையாளம். சோர்ந்துகொண்டே போனால் உள்ளே ரத்தம் கசிகிறதா என்று மருத்துவர் பார்க்க வேண்டியிருக்கும்.

காய்ச்சல் விட்ட நாள்

நீர் கசியும் நேரம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் நேரம்தான். அதாவது மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள். 24 முதல் 48 மணி நேரம் அது நீடிக்கும். "காய்ச்சல் விட்டுவிட்டதே" என்று மருத்துவமனைக்குப் போவதை நிறுத்துவது அந்த நேரத்தில்தான். காய்ச்சல் விட்ட பிறகு நோயாளி எழுந்து உட்கார்ந்து பசிக்கிறது என்றால் நல்லது. அதற்கு மாறாகத் துவண்டு படுத்தால் தாமதிக்கக் கூடாது.

பிளேட்லெட் ஏற்றினால் தீருமா?

ரத்தக்கசிவு இல்லாத நோயாளிக்கு எண்ணைக் கூட்டுவதற்காக மட்டும் பிளேட்லெட் ஏற்றுவதால் பெரிய பயன் இல்லை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பிளேட்லெட் 20 ஆயிரமும் அதற்குக் கீழும் இருந்த பெரியவர்களிடம் நடந்த ஆய்வு 2017இல் வெளியானது. பிளேட்லெட் ஏற்றியதால் ரத்தக்கசிவைக் குறிப்பிடத்தக்க அளவு தடுக்க முடியவில்லை. ஏற்றியவர்களுக்குப் பக்கவிளைவுகள்தான் கூடுதலாக இருந்தன. எனவே "ஏன் இன்னும் ஏற்றவில்லை?" என்று மருத்துவரிடம் சண்டை போடுவதைவிட, "பி.சி.வி. எவ்வளவு? நேற்று எவ்வளவு இருந்தது?" என்று கேளுங்கள். ரத்தக்கசிவு இருந்தாலோ, எண் மிகவும் தாழ்ந்தாலோ எப்போது ஏற்றுவது என்பதை மருத்துவர் முடிவு செய்வார். அப்போது நம் இளைஞர்களின் உதவி உண்மையிலேயே தேவைப்படும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

- காய்ச்சல் தொடங்கிய தேதியை எழுதி வையுங்கள். எல்லாப் பரிசோதனைத் தாள்களையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள்.
- மருத்துவர் சொன்ன நாளில் மறுபரிசோதனை எடுங்கள். முடிந்தவரை ஒரே பரிசோதனை நிலையத்தில் எடுங்கள்.
- காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், மருத்துவர் சொன்ன அளவில். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் மாத்திரையோ ஊசியோ வேண்டாம். அவை ரத்தக்கசிவைக் கூட்டலாம்.
- கஞ்சி, இளநீர், ஓ.ஆர்.எஸ். கரைசல் என்று அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.
- பப்பாளி இலைச் சாற்றை நம்பி மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுத்த மலம், கை கால் சில்லிடுதல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்காமை, அரைமயக்கம் அல்லது அமைதியின்மை: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த பரிசோதனைக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், முதியவர்கள், சர்க்கரை நோயாளிகள் ஆகியோருக்குக் காய்ச்சல் வந்தால் தொடக்கத்திலேயே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்போது காய்ச்சல் இருந்தால், அவருடைய தாளை எடுத்து பி.சி.வி. என்ற வரியைத் தேடுங்கள். அந்த எண்ணையும் தேதியையும் ஒரு காகிதத்தில் குறித்து வைத்து, அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது கையோடு கொண்டு போங்கள்.