நீர்நடுவே நெருப்பு

தரையில் தீப்பற்றினால் ஓடித் தப்பலாம். நடுக்கடலில் செல்லும் கப்பலில் தீப்பற்றினால் ஓடுவதற்கு இடமில்லை. நாற்புறமும் நீர் சூழ்ந்திருந்தும் மாலுமிகள் புயலைவிடத் தீக்கே பெரிதும் அஞ்சுவர். கடற்படையில் தீயணைப்புப் பயிற்சி அளித்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர், இளைஞர்களிடம் இதுபற்றிப் பேசத் தொடங்கினால், 1944ஆம் ஆண்டு பம்பாய்த் துறைமுகத்தில் நிகழ்ந்ததையே முதலில் கூறுவார்.

அது இரண்டாம் உலகப்போர்க் காலம். 'ஃபோர்ட் ஸ்டிகீன்' என்னும் சரக்குக் கப்பல் இங்கிலாந்திலிருந்து கராச்சி வழியாகப் பம்பாய் வந்து, விக்டோரியா கப்பல்துறையில் நின்றது. அதில் ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருள் இருந்தது. கராச்சியில் பஞ்சுப் பொதிகளையும் ஏற்றியிருந்தனர். கீழே பஞ்சு, மேலடுக்கில் வெடிபொருள். இவ்விரண்டையும் ஒரே கிடங்கில் வைத்ததே முதற்பிழை என்பார் அம்முதியவர்.

ஏப்ரல் 14ஆம் நாள் பிற்பகல் 2 மணியளவில் அக்கிடங்கிலிருந்து புகை எழுந்தது. தீயணைப்புப் படையினர் விரைந்து வந்து நீரைப் பாய்ச்சினர். 900 டன்னுக்கு மேல் நீர் உள்ளே சென்றும், தீ எங்கே உள்ளதென்று ஒருவருக்கும் புலப்படவில்லை. பஞ்சுப் பொதியின் இயல்பு அது. வெளியே நனைந்திருக்கும், உள்ளே கனன்றுகொண்டிருக்கும். கப்பலைக் கடலுக்குள் இழுத்துச் செல்வதா, நின்ற இடத்திலேயே மூழ்கடிப்பதா என்று உறுதியாக முடிவெடுப்பார் இல்லை. நேரம் கடந்தது. கப்பலின் இரும்புச்சுவர் சூடேறியது. அதைச் சுற்றியிருந்த நீர் கொதிக்கலாயிற்று. ஆயினும் வீரர்கள் குழாயைக் கைவிடவில்லை.

4 மணி 6 நிமிடத்திற்குக் கப்பல் வெடித்துச் சிதறியது. அரைமணி நேரத்தில் மற்றொரு வெடிப்பும் நிகழ்ந்தது. சிம்லாவிலிருந்த நிலநடுக்கக் கருவியிலும் அதிர்வு பதிவாயிற்று. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர், அவர்களுள் 66 பேர் தீயணைப்பு வீரர்கள். கப்பலிலிருந்த தங்கக் கட்டிகள் பறந்து சென்று தொலைவில் விழுந்த செய்தியைப் பலர் விரும்பிக் கேட்பர். முதியவர் அதைக் கூறுவதில்லை.

நீரையும் அளந்தே பாய்ச்ச வேண்டும் என்பதற்கு அவர் வேறொரு கப்பலைக் காட்டுவார். 1942இல் நியூயார்க் துறைமுகத்தில் 'நார்மண்டி' என்னும் பெருங்கப்பல் தீப்பற்றியது. தீயை அணைக்கப் பாய்ச்சிய நீரின் சுமையால் அது சாய்ந்து கவிழ்ந்தது.

பம்பாயில் உயிர்நீத்த வீரர்களின் நினைவாக ஆண்டுதோறும் ஏப்ரல் 14ஆம் நாள் நாடெங்கும் தீயணைப்புப் பணி நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அன்று பேச அழைத்தால் முதியவர் மறுப்பதில்லை. புகை எழுந்ததற்கும் கப்பல் வெடித்ததற்கும் இடையே இரண்டு மணி நேரம் இருந்தது என்பதை மட்டும் இருமுறை கூறுவார்.

சொற்பொருள்: பொதி – மூட்டை, கனலுதல் – சுடர்விடாமல் எரிதல், புலப்படுதல் – தெரிதல்.

வினாக்கள்
1. பஞ்சுப் பொதியில் பற்றிய தீயை நீரால் எளிதில் அணைக்க இயலாதது ஏன்?
2. முதியவர் தங்கக் கட்டிகளைப் பற்றிக் கூறாததற்குக் காரணம் யாதாக இருக்கலாம்?