மனப்பாடம் ஆயிற்று, வாக்கியத்தில் தடுமாற்றம்

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள் 'பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச்' எட்டையும் கடகடவென ஒப்பிக்கிறாள். வாக்கியத்தில் ஒரு சொல்லைக் காட்டி இது எந்த வகை என்றால் விழிக்கிறாள். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் சொல்லைத் தனியாகக் காட்டிக் கேட்பதை விடுங்கள். ஆங்கிலத்தில் பல சொற்களுக்கு நிலையான வகை கிடையாது. வாக்கியத்தில் அது செய்யும் வேலைதான் வகை. 'ஐ டிரிங்க் வாட்டர்' என்றால் 'வாட்டர்' நவுன். 'வாட்டர் த பிளான்ட்ஸ்' என்றால் அதே சொல் வெர்ப், செடிக்குத் தண்ணீர் ஊற்று என்கிற கட்டளை. தமிழில் 'மரத்தை', 'மரத்துக்கு' என்று உருபே காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலத்தில் பெரும்பாலும் இடம்தான் காட்டும். நம் பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். அதை மந்தம் என்று திட்டுவது அநியாயம்.

எட்டு என்ற கணக்கும் வேதவாக்கல்ல. 1795இல் வெளிவந்த லிண்ட்லி மர்ரேயின் புகழ்பெற்ற இலக்கணநூல், 'ஆர்ட்டிக்கிள்' தனி வகை என்று ஒன்பது சொன்னது.

தினமும் பாடப்புத்தகத்தில் ஒரே ஒரு வாக்கியம் எடுங்கள். முதலில் வெர்பைத் தேடச் சொல்லுங்கள். அது கிடைத்ததும் 'யார் செய்தது, எதை, எப்படி' என்று கேளுங்கள். நவுனும் அட்வெர்பும் தானாக வந்து நிற்கும். இன்டர்ஜெக்‌ஷனுக்கு நேரம் செலவழிக்காதீர்கள். ப்ரெபொசிஷனுக்குக் கூடுதலாகக் கொடுங்கள்.