பெயர் சொல்லி அழைத்த உயிர்த்த ஆண்டவர்



பெரிய வெள்ளிக்கிழமை நம் ஆலயங்களில் நிற்க இடம் கிடைப்பதில்லை. சிலுவைப் பாதையில் குழந்தைகளும் முதியவர்களும் மூச்சு வாங்க மேடேறி வருகின்றனர். திருச்சிலுவையை முத்தி செய்ய நெடுநேரம் காத்து நிற்கின்றனர். பிறகு உயிர்த்த ஞாயிறும் வருகிறது. மணி ஒலிக்கிறது, அல்லேலூயா முழங்குகிறது, புதுச் சட்டை போட்ட பிள்ளைகளோடு மகிழ்ச்சியாக வீடு திரும்புகிறோம். ஆனால் திங்கட்கிழமை விடிந்ததும் பழைய கவலைகளே நமக்கு முன்னால் எழுந்து உட்கார்ந்திருக்கின்றன. அடகு வைத்த நகை, ஒழுகும் கூரை, கொழும்புக்கு வேலைக்குப் போய்க் கடிதமோ தொலைபேசியோ இல்லாத மகன், தீராத வயிற்று வலி.

சிலுவையை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அதை அன்றாடம் சுமந்து பழகியிருக்கிறோம். உயிர்ப்புத்தான் நமக்குப் புரியாத பாடமாக இருக்கிறது. ஆண்டவர் உயிர்த்தார் என்பது மறுமைக்கு மட்டும் உரிய செய்தியா? திங்கட்கிழமை காலையில் வேலைக்குப் புறப்படும் ஒருவருக்கு அது என்ன சொல்கிறது? இந்த வாரம் இதைச் சிந்திப்போம்.

இருட்டோடு புறப்பட்ட பெண்

வட்டவளையைத் தாண்டி ஹற்றனை நோக்கி ஏறும் கோச்சி, ஹற்றனுக்கு முன்னதாக நிற்கும் நிலையம் றொசல்ல. இரு பக்கமும் தேயிலை மலைகள். இலங்கையில் மிக அதிகமாக மழை பெய்யும் பகுதிகளில் இந்த வட்டவளைப் பக்கமும் ஒன்று. இங்குள்ள லயங்களில் பொழுது விடியுமுன்பே அடுப்பு எரியத் தொடங்கிவிடும். வீட்டுப் பெண் எழுந்து, ரொட்டி சுட்டு, தேத்தண்ணி ஊற்றி, பிள்ளைகளுக்கு எடுத்து வைத்துவிட்டு, படங்கை இடுப்பில் கட்டிக்கொண்டு பனிமூட்டத்துக்குள் இறங்கி நடப்பாள்.

முதல் உயிர்த்த ஞாயிறும் இப்படித்தான் தொடங்கியது. இருள் விலகுமுன்பே மதலேன் மரியாள் கல்லறைக்குப் போனாள் என்று அருளப்பர் எழுதுகிறார். அவளோடு சென்ற பெண்கள், கல்லறை வாயிலில் இருக்கும் பெரிய கல்லை நமக்கு யார் புரட்டித் தருவார் என்று வழியெல்லாம் பேசிக்கொண்டு போனதாக மாற்கு கூறுகிறார். கல்லைப் புரட்ட வழி தெரியாது. ஆனாலும் அவர்கள் வீட்டில் தங்கிவிடவில்லை. செய்ய வேண்டிய கடமை ஒன்று இருந்தது; அதற்காகப் புறப்பட்டார்கள். அங்கே போய்ச் சேர்ந்தபோது கல் ஏற்கெனவே புரட்டப்பட்டிருந்தது.

கிறிஸ்தவ நம்பிக்கையின் முதல் பாடம் இதுவே. எல்லாத் தடையும் நீங்கிய பிறகு புறப்படுவோம் என்று காத்திருப்பவர்கள் உயிர்த்தவரைக் காண்பதில்லை. கல்லைப் பற்றிய கவலையோடேயே நடந்தவர்கள்தாம் அவரைக் கண்டார்கள்.

தோட்டக்காரர் என்று நினைத்தாள்

மரியாள் கல்லறையருகே நின்று அழுதுகொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தபோது இயேசு நின்றார். அவள் அவரை அறிந்துகொள்ளவில்லை. தோட்டக்காரர் என்றே நினைத்தாள்.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு இந்த வரி ஒரு தனிச் செய்தியைத் தருகிறது. சாவை வென்ற ஆண்டவர் ஒளி வீசும் அரசராக முதலில் தோன்றவில்லை. செசார் மன்னனிடமோ, தமக்குத் தீர்ப்பிட்ட பிலாத்துவிடமோ போய்த் தம்மைக் காட்டிக்கொள்ளவில்லை. அழுகின்ற ஒரு பெண்ணின் முன்னால், மண்ணில் வேலை செய்யும் ஒருவர் என்று எண்ணத்தக்க எளிய கோலத்தில் நின்றார். பிற்பாடு திபேரியாக் கடலோரத்தில், இராமுழுதும் உழைத்துக் களைத்த மீனவருக்குக் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்துக் காலை உணவு கொடுத்தார். உயிர்த்தவரைத் தேட வேண்டிய இடம் வேலைத்தளமும் அடுப்படியுமே என்று நற்செய்தி நமக்குக் காட்டுகிறது.

அவர் மரியாளுக்கு நீண்ட பிரசங்கம் செய்யவில்லை. அவளுடைய பெயரைச் சொல்லி அழைத்தார். அந்த ஒரு சொல்லில் அவள் அவரை அறிந்துகொண்டாள். உடனே தம் சகோதரரிடம் போய்ச் சொல்லும்படி அவளை அனுப்பினார். இதனாலேயே திருச்சபை அவளை அப்போஸ்தலர்களுக்கு அப்போஸ்தலர் என்று போற்றுகிறது. 2016ஆம் ஆண்டு பாப்பரசர் பிரான்சிஸ் ஜூலை 22ஆம் திகதி வரும் அவளுடைய நினைவு நாளை அப்போஸ்தலர்களின் நாள்களுக்கு இணையான விழாவாக உயர்த்தினார்.

அரைப்பேரும் முழுப்பேரும்

நம் தோட்டங்களில் பேர் என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. குறித்த நிறைக்குக் கொழுந்து பறித்தால் அன்றைக்கு முழுப்பேர். நிறை குறைந்தால் அரைப்பேர். மழையில் நனைந்து, அட்டை கடித்து, நாள் முழுவதும் நின்றவள் மாலையில் வீட்டுக்கு வந்து, இன்றைக்கு அரைப்பேர்தான் என்று சொல்லும்போது அவள் முகத்தைப் பாருங்கள். சம்பளம் மாத்திரம் பாதியாகவில்லை. தானே பாதியாகிவிட்டது போல் அவளுக்குத் தோன்றும்.

ஒரு சனத்தையே இப்படி எண்ணிப் பிரித்த காலமும் இருந்தது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் மலையக மக்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர் ஆனார்கள். 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி செய்யப்பட்ட ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டு, எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று விட்டது. அவர்களை 1974ஆம் ஆண்டில் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. மலைநாட்டு நிலையங்களில் கோச்சி ஏறி, தலைமன்னார் போய், கப்பலில் இராமேஸ்வரம் சேர்ந்தவர்களின் உறவினர் நம்மிடையே இன்றும் இருக்கின்றனர். அண்ணன் அக்கரையில், தம்பி இக்கரையில் என்று பிரிந்த குடும்பங்கள் எத்தனை! எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டில்தான் வந்தது.

இன்னும் முன்னால் போனால், கோப்பிக் காலத்தில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை நோக்கிக் காட்டு வழியே நடந்து வந்த நம் முன்னோரில் பலர் காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே மாண்டனர். அவர்களுக்குக் கல்லறை இல்லை. பெயர் எழுதிய பலகையும் இல்லை. 2023ஆம் ஆண்டு, மலையக மக்களின் 200 ஆண்டு நினைவாக, அதே வழியில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மக்கள் நடந்து சென்று அவர்களை நினைவுகூர்ந்தார்கள்.

கணக்குப் புத்தகத்தில் அவர்கள் எண்கள். ஆனால் கல்லறைத் தோட்டத்தில் ஒரு பெண்ணைப் பெயர் சொல்லி அழைத்த ஆண்டவருக்கு அவர்கள் எண்கள் அல்லர். வழியோரம் புதைந்த ஒவ்வொருவரின் பெயரும் அவருக்குத் தெரியும். உடலின் உத்தானத்தை விசுவசிக்கிறோம் என்று ஞாயிறுதோறும் அறிக்கையிடுகிறோமே, அதன் பொருள் இதுதான். அவர் அழைக்கும்போது அரைப்பேர் என்பது கிடையாது. ஒவ்வொருவரும் முழுப்பேர்.

காயங்கள் மறையவில்லை

உயிர்ப்பைப் பற்றிப் பேசுவது துன்பத்தை மறந்துவிடச் சொல்வதாகாது. உயிர்த்த ஆண்டவர் தம் கைகளையும் விலாவையும் சீடருக்குக் காட்டினார். காயங்கள் அவருடைய மகிமை உடலிலும் இருந்தன.

2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு காலையில், கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பின் பெரிய ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கட்டுவாப்பிட்டி ஆலயத்தில் உயிர்த்த ஆண்டவரின் திருவுருவத்தின்மேல் மக்களின் இரத்தம் தெறித்திருந்த படத்தை உலகம் முழுவதும் கண்டது. கொச்சிக்கடைத் திருத்தலம் அதே ஆண்டு ஜூன் 12ஆம் திகதி மீண்டும் திறக்கப்பட்டது. இழந்தவர்களின் கண்ணீர் அத்தோடு நின்றுவிடவில்லை. நீதி கேட்கும் குரலும் ஓயவில்லை. ஆனாலும் அடுத்த உயிர்ப்புப் பெருவிழாவை அவர்கள் கைவிடவில்லை. காயத்தோடு உயிர்த்தவரைக் காயத்தோடேயே வணங்குகிறார்கள்.

கவ்வாத்து வெட்டிய மலை

கவ்வாத்து வெட்டிய மலையைப் பாருங்கள். நேற்றுவரை பச்சையாக விரிந்து கிடந்த தேயிலை இன்று வெறுங்குச்சியாக நிற்கிறது. பழக்கமில்லாதவர் பார்த்தால் மலை செத்துவிட்டது என்பார். நமக்குத் தெரியும், சில மாதங்களில் அதே குச்சிகளில் துளிர் வரும். மீண்டும் கொழுந்துக்கூடை அந்த மலைக்கு ஏறும்.

உவமைக்கும் ஓர் எல்லை உண்டு. தேயிலைச் செடி உண்மையில் சாகவில்லை. கிறிஸ்துவோ மெய்யாகவே மரித்து, அடக்கம் செய்யப்பட்டு, பிதாவின் வல்லமையால் எழுந்தார். அது இயற்கையின் வேலை அன்று. ஆயினும் இச்செடி நமக்கு ஒன்றைக் கற்றுத்தருகிறது. இலையெல்லாம் போன பிறகு அது எப்படித் துளிர்க்கிறது? வேரில் சேர்த்து வைத்த மாவுச்சத்தால். வேரில் சத்தில்லாத செடியைக் கவ்வாத்து வெட்டினால் அது பட்டுப்போகும். நம் வாழ்விலும் வெட்டுகின்ற நாள் வரும். நோயாக, கடனாக, சாவாக வரும். அன்றைக்குச் செபிக்கக் கற்றுக்கொள்வோம் என்றால் முடியாது. ஞாயிறு திருப்பலியும், மாலைச் செபமாலையும், நற்கருணையும் சாதாரண நாள்களில் வேரில் சேரும் சத்து.

திங்கட்கிழமைக்கு ஒரு பாடம்

கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் புனித சின்னப்பர் உயிர்ப்பைப் பற்றி ஒரு நீண்ட அதிகாரம் எழுதுகிறார். அதை எப்படி முடிக்கிறார் தெரியுமா? வானத்தைப் பார்த்து நிற்கச் சொல்லவில்லை. உறுதியாக நில்லுங்கள், ஆண்டவருக்குள் நீங்கள் படும் பாடு வீண்போகாது என்ற கருத்தோடு முடிக்கிறார். உயிர்ப்பின் முடிவுரை வேலையைப் பற்றியது! மோட்சத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று இங்குள்ள அநீதியைப் பொறுத்துக்கொண்டிருப்பது கிறிஸ்தவ நம்பிக்கை அன்று. 1972ஆம் ஆண்டு கண்டியில் சத்தியோதய நிலையத்தைத் தொடங்கிய இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ் அவர்கள் தோட்டத் தொழிலாளரின் உரிமைக்காகத் தம் வாழ்நாளைச் செலவிட்டது இந்த நம்பிக்கையால் அல்லவா?

உயிர்ப்புக் காலம் ஒரு நாளோடு முடிவதில்லை. பெந்தகோஸ்து பெருவிழாவரை 50 நாள்கள் உண்டு. இந்நாள்களில் உங்கள் குடும்பத்தில் மூன்று காரியங்களைச் செய்து பாருங்கள்.

முதலாவது, ஒரு மாலை மெழுகுதிரி ஏற்றி, உங்கள் குடும்பத்தில் இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிச் செபியுங்கள். இந்தியாவுக்குப் போய்த் தொடர்பு விட்டவர்களையும், பெயர் தெரியாத முன்னோரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் அந்தப் பெயர்களைக் கேட்டு வளரட்டும்.

இரண்டாவது, உங்கள் லயத்தில் யாருடைய வாசலில் கல் கிடக்கிறது என்று பாருங்கள். விதவையாக இருக்கலாம், குடியால் நொந்த குடும்பமாக இருக்கலாம், பள்ளிக்கூடத்தை நிறுத்திய பிள்ளையாக இருக்கலாம். முழுக் கல்லையும் நீங்கள் புரட்ட வேண்டாம். கை கொடுக்கப் புறப்படுங்கள்.

மூன்றாவது, வீட்டில் ஒருவரையொருவர் அன்போடு பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். களைத்து வந்த மனைவியை, தோற்றுப்போன மகனை, ஏசும் சொல்லால் அழைக்காதீர்கள். ஆண்டவர் மரியாளின் கண்ணீரைத் துடைத்தது அவளுடைய பெயரைச் சொல்லித்தான்.

வாசகர்களே, நாளை விடியற்காலை பிரட்டுக்களத்தில் உங்கள் பெயர் கூப்பிடப்படும். அதற்கு முன்பே, இருட்டோடு நீங்கள் கதவைத் திறந்து பனிக்குள் இறங்கும்போதே, இன்னொருவர் உங்களைப் பெயர் சொல்லி அழைத்திருக்கிறார். அவர் மரித்தார், உயிர்த்தார், இனி மரிப்பதில்லை. அவருக்குப் பதில் சொல்லிவிட்டு மலைக்கு ஏறுங்கள்.

அல்லேலூயா!