கேட்காத ராத்திரியையும் எழுதி வை

தங்கச்சி, ஹாம் ரேடியோ லைசென்ஸ் வந்த சந்தோஷத்தில் போன் செய்தாயே, அன்றைக்கு நீ சொன்ன ஒரு வார்த்தை மனசிலேயே நிற்கிறது. "பேசிக்கிட்டே இருந்தா போதுமாக்கா, ஆராய்ச்சி மாதிரி ஏதாவது செய்யணும்." எனக்குத் தெரிந்த வரையில் எழுதுகிறேன்.

முதலில் கேள்வியைச் சின்னதாக வைத்துக்கொள். "அயனி மண்டலத்தை ஆராயப் போகிறேன்" என்று உட்கார்ந்தால் ஒரே வாரத்தில் அலுத்துவிடும். "மார்ச், ஏப்ரலில் பொழுது சாய்ந்த பிறகு எந்தெந்த நாள் சிக்னல் படபடக்கிறது?" என்று கேள். நீ இருப்பது நாகர்கோவில். பூமியின் காந்த நடுக்கோடு நம் தெற்குச் சீமையை ஒட்டித்தான் போகிறது. தும்பாவிலிருந்து 1963-ல் ராக்கெட் ஏவத் தொடங்கியதே இதனால்தான். சூரியன் மறைந்ததும் இங்கே அயனி அடுக்கு மேலே தூக்கப்படும், பல நாள் அதில் குமிழிகள் கிளம்பும். அதன் வழியாக வரும் சிக்னல், கிணற்றுத் தண்ணீருக்கடியில் கிடக்கிற காசு மாதிரி ஆடும். வடக்கே இருப்பவர்களுக்கு இது இவ்வளவு சுலபமாகக் கிடைக்காது. உனக்கு மொட்டை மாடியிலேயே கிடைக்கிறது.

இதற்குப் பெரிய செலவு வேண்டாம். 14.100 மெகாஹெர்ட்ஸில் ரிசீவரை வைத்துவிட்டுக் காது கொடு. உலகம் முழுக்க 18 பீக்கன் நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, ஆளுக்குப் பத்து வினாடி ஒலிக்கும். மூன்று நிமிஷத்தில் சுற்று முடிந்து மறுபடி தொடங்கும். ஒவ்வொன்றும் மோர்ஸில் தன் அழைப்புக்குறியைச் சொல்லிவிட்டு நான்கு நீளக் கோடு அடிக்கும். முதல் கோடு 100 வாட், அடுத்தது 10, பிறகு 1, கடைசி 0.1 வாட். எத்தனை கோடு காதில் விழுந்தது என்று எண்ணி எழுது, அதுதான் உன் அளவுகோல். ஹாங்காங்கின் நாலாவது கோடு முதன்முறை கேட்ட ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு!

கொழும்பிலும் ஒரு பீக்கன் உண்டு. பக்கத்தில்தானே, பளிச்சென்று கேட்கும் என்று எதிர்பார்க்காதே. இந்த அலை மேலே போய்த் திரும்பி வெகுதூரம் தள்ளித்தான் இறங்கும், நாம் நடுவிலிருக்கும் இடைவெளியில் மாட்டிக்கொள்கிறோம். அது சன்னமாகக் கேட்டாலும் கேட்கலாம், கேட்காமலும் போகலாம். இரண்டையும் எழுது.

நோட்டு விஷயத்தில் நான் கறார். தேதி, நேரம், ஆன்டெனா, கோடுகள், படபடப்பு உண்டா இல்லையா, எல்லாம் வேண்டும். ஒன்றும் கேட்காத நாளில் "0" போடு. பக்கத்தை வெறுமையாக விட்டால், கேட்கவில்லையா, நீ உட்காரவே இல்லையா என்று ஆறு மாதம் கழித்து உனக்கே தெரியாது. அந்த பீக்கன் அன்றைக்குப் பழுதாகியும் கிடந்திருக்கலாம், அதையும் விசாரித்துக் குறித்து வை.

நேரத்தை யூ.டி.சி.யில் எழுது. நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி கழிக்க வேண்டும். மார்ச் 10 விடிகாலை நாலு மணி என்பது யூ.டி.சி.யில் மார்ச் 9 இரவு 22.30. தேதியே மாறிவிடும், ஜாக்கிரதை.

இப்போது முக்கியமானது. ஒரு வருஷம், தினமும் மாலை 6.40 வாக்கில் எனக்குச் சிக்னல்கள் அமுங்கிப்போயின. சூரியன் சாய்வதன் விளைவு என்றே நம்பி, வரைபடம்கூடப் போட்டுவிட்டேன். ஒருநாள் ஆறரைக்குக் கரண்ட் போனது. பேட்டரியில் ரேடியோவைப் போட்டால், ஏழரை வரை எல்லாம் கணீரென்று கேட்கிறது. நான் கண்டுபிடித்தது வானத்தை அல்ல, எங்கள் தெருமுனை எல்.ஈ.டி. விளக்கின் இரைச்சலை! இரண்டு மாத மாலைப் பதிவுகளைக் கோடு போட்டு அடித்தேன், ஆனால் கிழிக்கவில்லை. அதனால் நீ முதல் வாரமே மெயினை அணைத்துவிட்டு, பேட்டரியில் கேட்டுப் பார். சார்ஜர், இன்வெர்ட்டர், செட்டாப் பாக்ஸ் என்று ஒவ்வொன்றாகப் போட்டு எது இரைகிறது என்று எழுது. கரண்ட் கட்டை இனிமேல் திட்டாதே, அது உனக்குக் கிடைக்கிற பரிசோதனை நேரம்.

குரோட் ரீபரும் இப்படித்தான் இரைச்சலோடு போராடினார். அமெரிக்காவில் வீட்டன் என்ற ஊர்க்காரர், நம்மைப் போல ஹாம். 1937-ல் பகல் வேலை பார்த்துக்கொண்டே, கொல்லையில் ஒன்பதரை மீட்டர் அகல டிஷ் கட்டினார். 3300 மெகாஹெர்ட்ஸில் ஒன்றும் வரவில்லை. 900-லும் வரவில்லை. மூன்றாவதாக 160-ல்தான் பால்வீதி கேட்டது. கார்களின் இரைச்சல் அடங்கும் நடுராத்திரியில் உட்கார்ந்து வானத்துக்கு ரேடியோ வரைபடமே போட்டார். முதல் இரண்டு தோல்வியையும் அவர் மறைக்கவில்லை.

நடுவில் ஆன்டெனாவை மாற்றாதே. ஆசையாகத்தான் இருக்கும், சீசன் முடியட்டும். தனி ஆளின் நோட்டு போதுமா என்று தயங்காதே. 2017 ஆகஸ்ட் 21 சூரிய கிரகணத்தன்று அமெரிக்க ஹாம்கள் ஆயிரக்கணக்கில் செய்த தொடர்புகளைச் சேர்த்துவைத்துத்தான் அயனி மண்டலம் எப்படி மாறியது என்று விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் சரியான நேரத்தோடு குறித்த ஒற்றை வரிதான்.

ஐப்பசியில் இடி தொடங்கினால் ஆன்டெனா கேபிளைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடு. நோட்டில் "இடி, கேட்கவில்லை" என்று எழுது. முதல் மாதம் முடிந்ததும் பக்கங்களைப் போட்டோ எடுத்து அனுப்பு, பூஜ்யங்களோடு சேர்த்து.