மூச்சோடு எவ்வளவு தூசு போகிறது? கணக்குப் போட்டுப் பார்ப்போம்



ஸ்டோரில் தூள் சலிக்கிறவர்களிடம் "தூசு தொல்லையா?" என்று கேட்டால், "அதெல்லாம் பழகிப்போச்சுங்க" என்பார்கள். நமக்குப் பழகலாம், நெஞ்சுக்குப் பழகாது. இளங்கொழுந்தில் இருக்கும் மெல்லிய ரோமம் காய்ந்து உடைந்து, சலிக்கும்போது பஞ்சாகப் பறக்கிறது. தேயிலைத் தூசால் வரும் இழுப்பு (தொய்வு) பற்றி டாக்டர் சி. ஜி. உரகொட 1970ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறார்.

உள்ளே போகும் தூசை எப்படி அளப்பது?

தொழிலாளியின் சட்டைக் கழுத்தில், மூக்குக்குப் பக்கமாக, ஒரு சிறு வடிதாளைப் பொருத்துவார்கள். இடுப்பில் ஒரு சின்னப் பம்பு இருக்கும். அது நிமிடத்துக்கு 2 லீற்றர் காற்றை இழுத்தால், 8 மணி நேரத்தில் 960 லீற்றர். ஏறக்குறைய 1 கன மீற்றர். வேலைக்கு முன்னும் பின்னும் வடிதாளை நிறுத்துப் பார்த்தால், கூடின எடைதான் தூசு.

ஒரு உதாரணக் கணக்கு

நம்ம அக்கா ஒருவர் காலையில் 4 மணி நேரம் தூள் சலிக்கிறார். அங்கே கன மீற்றருக்கு 5 மில்லிகிராம் தூசு என்று வைத்துக்கொள்வோம். பின்னேரம் 4 மணி நேரம் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை. அங்கே 1 மில்லிகிராம்.

4 × 5 = 20
4 × 1 = 4
மொத்தம் 24. அதை 8ஆல் பிரித்தால் சராசரி 3 மில்லிகிராம்.

வேலை செய்யும் ஒருவர் 8 மணி நேரத்தில் சுமார் 10 கன மீற்றர் காற்றை இழுக்கிறார். ஆகவே ஒரு நாளைக்கு 30 மில்லிகிராம். மாதத்தில் 25 பேர் விழுந்தால் 750 மில்லிகிராம், அதாவது முக்கால் கிராம். நாள் முழுக்கச் சலிக்கும் இடத்திலேயே நின்றால் ஒரு நாளைக்கே 50 மில்லிகிராம். ஆளை மாற்றி மாற்றிப் போடச் சொல்வது இதனால்தான்.

எடை மட்டும் போதாது

பெரிய தூசை மூக்கே பிடித்துவிடும். பொடித் தூசு நெஞ்சின் அடிவரை போகும். பெயின்ட், றப்பர் பெக்டரிகளுக்குப் போன நம் பிள்ளைகள் அதிலும் நுண்ணிய 'நனோ' துகள்களைச் சுவாசிக்கக்கூடும். ஒரு மில்லிமீற்றரைப் பத்தாயிரமாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கை விடவும் அவை சிறியவை. எடை கொஞ்சம், எண்ணிக்கை ஏராளம். அதனால் எண்ணும் கருவியும் வேண்டும். பெயின்டில் சேரும் டைட்டேனியம் டயொக்சைட் சாதாரணப் பொடியாக இருந்தால் கன மீற்றருக்கு 2.4 மில்லிகிராம், நனோ அளவில் இருந்தால் 0.3 மட்டுமே என்று அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு, சுகாதார நிறுவனம் 2011இல் எல்லை வகுத்தது. பொருள் ஒன்றே, எல்லையோ எட்டு மடங்கு இறுக்கம்.

நாம் செய்ய வேண்டியவை

• தூசு இழுக்கும் ஃபேனை நிறுத்த விடாதீர்கள். தூசை அகற்ற ஏற்பாடு செய்வது 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டப்படி நிர்வாகத்தின் கடமை.
• முகத்தில் கட்டும் லேஞ்சி பொடித் தூசைத் தடுக்காது. சரியான முகமூடி கேளுங்கள்.
• வேலை நாளில் இருமலும் இழுப்பும் வந்து, லீவு நாளில் குறைகிறதா? அதை டிஸ்பென்சரியில் மறக்காமல் சொல்லுங்கள்.

இன்று ராத்திரியே வீட்டில் கேளுங்கள்: "ஸ்டோரில் எத்தனை மணி நேரம், எந்த இடத்தில் நின்றீர்கள்?" கணக்கு அங்கேதான் தொடங்குகிறது.