செத்த கருவியும் பொய் சொல்லும் கருவியும்

திருவண்ணாமலை

அன்புள்ள கயல்,

பெரியம்மா பௌர்ணமிக்குக் கிரிவலம் போய்வந்து காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். விமானத்தில் வழிகாட்டும் கருவி கெட்டுவிட்டால் விமானி என்ன செய்வார் என்று கேட்டிருந்தாய். ‘வேறு கருவியைப் பார்ப்பார்’ என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். பிளஸ் ஒன்னில் இயற்பியல் படிக்கிறவளுக்கு அது போதாது. நடந்ததையே சொல்கிறேன்.

2018 செப்டம்பர் 11. டில்லியிலிருந்து நியூயார்க் போன ஏர் இந்தியா 101, போயிங் 777 ரகம். உள்ளே 370 பேர். பதினான்கு மணி நேரத்துக்கு மேல் பறந்தாயிற்று. எரிபொருளும் குறைந்துகொண்டு வந்தது. கீழே கென்னடி விமான நிலையத்தைத் தாழ்ந்த மேகம் மூடிக் கிடந்தது. அந்த நேரம் பார்த்து ஐ.எல்.எஸ். கைவிட்டது.

ஐ.எல்.எஸ். என்பது இறங்க வரும் விமானத்துக்குத் தரையிலிருந்து ரேடியோவில் வழி சொல்லும் ஏற்பாடு. ஓடுபாதையின் அந்தக் கோடியில் வரிசையாக ஆன்டெனாக்கள் நிற்கும். அவை அனுப்பும் அலையில் இரண்டு ஒலிகள் ஏற்றப்பட்டிருக்கும். இறங்குகிறவருக்கு இடப்பக்கம் 90 ஹெர்ட்ஸ் தூக்கலாக இருக்கும், வலப்பக்கம் 150. இரண்டும் சமமாக வந்தால் நடுக்கோட்டில் வருகிறார் என்று பொருள். இதே கணக்கில் இன்னோர் ஆன்டெனா மேலும் கீழும் பார்த்துக்கொள்ளும். வழக்கமான சரிவு 3 டிகிரி. விமானத்துக்குள் இருக்கும் ரிசீவர் இந்த வித்தியாசத்தை அளந்து முள்ளை நகர்த்தும். ரிசீவர் போய்விட்டால், தரையில் எல்லாம் ஒழுங்காக இயங்கினாலும் பயனில்லை.

கார்த்திகையில் நம் மலையுச்சியை மேகம் மூடிவிட்டால், 2,668 அடி உயரத்தில் கொப்பரையில் தீபம் எரிந்துகொண்டுதான் இருக்கும், தேரடித் தெருவில் நிற்பவனுக்குத்தான் தெரியாது. ஓடுபாதை விளக்குகள் அந்த விமானிகளுக்கு அப்படித்தான் இருந்தன.

போனது அது மட்டுமில்லை. தரைக்கு ரேடியோ அலை அனுப்பி உயரம் அளக்கும் ஆல்டிமீட்டரில் ஒன்றுதான் மிச்சம். பக்கத்தில் வரும் விமானத்தைக் கண்டு எச்சரிக்கும் கருவி இல்லை. தானாகத் தரையிறங்கும் வசதியும் இல்லை. கேப்டன் ரஸ்டம் பாலியா இவை ஒவ்வொன்றையும் கட்டுப்பாட்டு அறைக்குப் பெயர் சொல்லிச் சொன்னார். அந்த ஒலிப்பதிவு பிறகு வெளியே வந்தது. பத்திரிகைகள் அவரை வீரர் என்று கொண்டாடின. எனக்குப் பிடித்தது அந்தப் பட்டியல்தான். ‘ஏதோ கோளாறு, உதவுங்கள்’ என்று பொதுவாகச் சொல்லியிருந்தால் எதிர்முனையில் இருப்பவர் என்ன செய்ய முடியும்? எது இருக்கிறது, எது இல்லை என்று தெரிந்ததால்தான், எந்த ஊரில் மேகம் கொஞ்சம் உயரத்தில் இருக்கிறது என்று அவர்களால் தேட முடிந்தது. நெவார்க் கிடைத்தது. அங்கும் வானம் வெளுத்துவிடவில்லை. ஐ.எல்.எஸ். இல்லாமலே இறங்கினார்கள். ஒருவருக்கும் காயமில்லை.

கயல், செத்துப்போன கருவி ஒரு வகையில் யோக்கியன். நான் இல்லை என்று சொல்லிவிடுகிறது. ஆபத்து, உயிரோடிருந்து பொய் சொல்லும் கருவியிடம்தான்.

1978 ஜனவரி 1. பம்பாயிலிருந்து துபாய்க்குக் கிளம்பியது ‘எம்பெரர் அசோகா’, ஏர் இந்தியாவின் முதல் ஜம்போ. இரவு, முன்னால் கடல். விமானம் வலப்பக்கம் திரும்பி மறுபடி நேரானது. ஆனால் கேப்டன் முன்னாலிருந்த, விமானத்தின் சாய்வைக் காட்டும் செயற்கைத் தொடுவானக் கருவி மட்டும் வலப்பக்கச் சாய்விலேயே நின்றுவிட்டது. அதை நம்பி அவர் இடப்பக்கம் சாய்த்தார், மேலும் சாய்த்தார். இருட்டில் கடலுக்கும் வானத்துக்கும் வித்தியாசம் தெரியாது. மெதுவான சாய்வை நம் காது உணராது. பக்கத்து விமானிக்குத் தனியாக ஒரு கருவி உண்டு; பொதுவில் மூன்றாவதும் உண்டு. ஒப்பிட்டுப் பார்த்துத் தெளிய நேரம் போதவில்லை. கிளம்பி இரண்டு நிமிடம்கூட ஆகாமல் விமானம் கடலில் விழுந்தது. 213 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

இப்போது பொய்யை வெளியிலிருந்தே அனுப்புகிறார்கள். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் அலை பூமிக்கு வரும்போது மிகவும் பலவீனமாகிவிடும். அதே மாதிரி போலி அலையைக் கொஞ்சம் பலமாக அனுப்பினால் ரிசீவர் அதை நம்பிவிடும். டில்லியில் 10-ஆம் ஓடுபாதைக்கு ஜி.பி.எஸ். துணையோடு வந்த சில விமானங்களுக்கு இப்படி நேர்ந்ததாக, 2025 டிசம்பரில் விமானப் போக்குவரத்து அமைச்சர் நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். பழைய தரைக் கருவிகள் இருந்த மற்ற ஓடுபாதைகளுக்குப் பாதிப்பில்லை. ‘இதெல்லாம் எதற்கு, தூக்கிப் போடு’ என்று அந்தப் பழசுகளைச் சொல்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

உனக்கு ஒரு கணக்கு. நம் ராஜகோபுரம் 217 அடி. அதைப்போல் இரண்டு மடங்கு உயரத்தில் ஒரு விமானம் பறக்கிறது. அதன் ரேடியோ ஆல்டிமீட்டர் அனுப்பும் அலை தரைக்குப் போய்த் திரும்ப எவ்வளவு நேரமாகும்? அலையின் வேகம் உன் புத்தகத்திலேயே இருக்கிறது. அடியை மீட்டராக்க மறந்துவிடாதே; போகவர இரண்டு தடவை தூரம் என்பதையும் மறக்காதே. விடை ஒரு மைக்ரோ விநாடிக்குச் சற்றுக் குறைவாக வரவேண்டும். வராவிட்டால், போட்ட தாளை அப்படியே போட்டோ எடுத்து அனுப்பு.

அன்புடன்,
பெரியப்பா