ரெசினில் மீன்பிடி லூர் வார்ப்பது எப்படி? தொடக்கநிலையினருக்கான முழுமையான வழிகாட்டி

1936-இல் பின்லாந்து மீனவர் லாரி ராப்பலா தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிவரும் வெள்ளித்தாளை ஒட்டி, உருக்கிய போட்டோ நெகட்டிவைப் பூசி லூர் எனப்படும் செயற்கை மீன் ஒன்றைச் செய்தார். தள்ளாடி நீந்தும் மீனைத்தான் பெரிய மீன்கள் தேடித் தாக்குகின்றன என்பதை அவர் கவனித்திருந்தார். லூர் செய்யப் பழகுகிறவருக்கு முதல் பாடமும் அதுதான்: முதலில் நடை, அப்புறம்தான் நிறம். எடையும் அது உட்காரும் இடமும் சரியாக இருந்தால் நடை தானாக வரும்.

கழிமுகக் கொடுவா மடவைக் குஞ்சுகளை விரும்பித் தின்னும். அந்த வடிவில் 12 செ.மீ. நீளத்துக்கு, மிதக்கும் லூர் ஒன்றை வார்ப்போம்.

தேவையானவை

அச்சுக்கான சிலிகோன், எபாக்ஸி ரெசின், மைக்ரோபலூன் என்ற கண்ணாடி நுண்பொடி, 1 மி.மீ. எஸ்.எஸ். கம்பி, பாலிகார்பனேட் தகடு, சிறு ஈயக்குண்டுகள், மூன்று முனை முட்கள், ஸ்பிளிட் ரிங், கிராம் காட்டும் தராசு. பாலியூரித்தேன் ரெசின் சீக்கிரம் இறுகும். ஆனால் ஈரக்காற்றில் நுரைத்துவிடும். கடலோர ஊர்க்காரர்கள் எபாக்ஸியில் தொடங்குவது நல்லது.

கையுறை இல்லாமல் ரெசினைத் தொடாதீர்கள். முகக்கவசம் இல்லாமல் நுண்பொடியைத் திறக்காதீர்கள். இறுகிய ரெசினைத் தேய்க்கும்போதும் கவசம் முகத்தில் இருக்கட்டும். காற்றோட்டமான இடத்தில் வேலை செய்யுங்கள்.

படி 1: மூல வடிவம்

கல்யாண முருங்கை போன்ற மென்மரத்தில் மீனைச் செதுக்கி, உப்புத்தாளால் வழவழப்பாக்கி, இரண்டு முறை வார்னிஷ் அடியுங்கள். மூக்கு, வயிறு, வால் மூன்றிலும் சிறு கம்பி வளையம் செருகுங்கள். மூலத்தில் உள்ள கீறல் ஒவ்வொரு லூரிலும் வரும். அதனால் இந்தப் படியில் அவசரமே வேண்டாம்.

இப்போது ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். மூலத்தை ஊசியால் குத்திப் பிடித்து, டம்ளரைத் தொடாமல் முழுவதும் அமிழ்த்துங்கள். தராசு 30 கிராம் காட்டினால் அதன் கன அளவு 30 மி.லி. அப்படியானால் முள், ஈயம், வண்ணம் எல்லாம் சேர்த்து லூர் 30 கிராமுக்குள் இருந்தால்தான் மிதக்கும்.

படி 2: அச்சு

ஒரு பெட்டியில் களிமண் பரப்பி, மூலத்தைப் பக்கவாட்டில் பாதிவரை புதையுங்கள். சுற்றிலும் பேனாவின் பின்புறத்தால் நாலைந்து குழிகள் இடுங்கள். இரு பாதிகளும் நகராமல் பொருந்த அவை உதவும். சிலிகோனை ஒரு மூலையிலிருந்து மெல்லிய தாரையாக ஊற்றினால் குமிழி குறையும். இறுகியதும் திருப்பி, களிமண்ணை எடுத்துவிட்டு, சிலிகோன் பரப்பில் வாஸலின் தடவி மறுபாதியை ஊற்றுங்கள். வாஸலினை மறந்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். அதுவும் இறுகியதும் பிரித்து மூலத்தை எடுத்துவிடுங்கள்.

படி 3: வார்ப்பு

டப்பாவில் சொன்ன விகிதப்படி எபாக்ஸியைக் கலந்து, கன அளவில் ஒரு பங்குக்கு ஏறக்குறைய ஒன்றரைப் பங்கு நுண்பொடி சேர்த்தால் கெட்டியான இட்லி மாவுப் பதம் வரும். இரு பாதிகளையும் சற்றே வழிய நிரப்பி, மூன்று வளையங்களோடு வளைத்த ஒரே கம்பியை நடுவில் கிடத்தி, மூடி, பலகை வைத்து இறுக்கிக் கட்டுங்கள். மறுநாள் பிரிக்கலாம்.

படி 4: வாளிச் சோதனை

ரம்பத்தால் தாடைக்குக் கீழே வெட்டி, பாலிகார்பனேட் நாக்கைப் பொருத்துங்கள். நாக்கு உடலோடு நேர்கோட்டை நெருங்கினால் லூர் ஆழம் போகும். செங்குத்தை நெருங்கினால் மேலாக நீந்தும். ஸ்பிளிட் ரிங்கால் முட்களை மாட்டி, வயிற்றில் துளையிட்டு, வாளித் தண்ணீரில் மிதக்கவிட்டு ஈயக்குண்டுகளை ஒவ்வொன்றாகச் சேருங்கள். முதுகு மேலே நின்று, சாய்த்துவிட்டாலும் உடனே நிமிர்ந்தால் ஈயம் போதும். எபாக்ஸியால் துளையை அடையுங்கள்.

படி 5: வண்ணம்

வெள்ளை அடித்தளம், வெள்ளிப் பக்கம், கருத்த முதுகு. பழைய கொசுவலைத் துண்டை இறுகப் போர்த்தி ஸ்பிரே செய்தால் செதில் விழும். மேலே எபாக்ஸி பூசி, அது இறுகும்வரை லூரை மெதுவாகத் திருப்பிக்கொண்டே இருங்கள்.

படி 6: நீரில் சரிசெய்தல்

இழுக்கும்போது இடப்பக்கம் ஓடினால் மூக்கு வளையத்தை மயிரிழை வலப்பக்கம் வளையுங்கள். வலப்பக்கம் ஓடினால் இடப்பக்கம். நேராக நீந்தியதும் ரெசின், பொடி, ஈயம் மூன்றின் எடையையும் நோட்டில் எழுதிவிடுங்கள். வடிவத்தை அச்சு நினைவில் வைத்திருக்கும். எடையை நீங்கள்தான் வைத்திருக்க வேண்டும். அந்தக் கணக்கு கையில் இருந்தால் அடுத்த லூரும் அதே நடை நடக்கும்.